மரத்தின் வயதும் சட்டத்தின் ஆயுளும்

திருப்பத்தூரில் தமிழக வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. காட்டிலிருந்து வரும் சந்தனக் கட்டைகளின் வெளிப்புற வெள்ளையைச் செதுக்கி நீக்கி, தரம் பிரித்து, எடை போட்டு ஏலத்துக்கு வைக்கும் இடம். சந்தன வணிகத்தின் தரப்பட்டியல் பழையது. அதில் முதல் வகுப்பு ‘விலாயத் புத்’: கட்டை ஒவ்வொன்றும் 9 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஒரு டன்னுக்கு 112 கட்டைகளுக்கு மேல் போகவும் கூடாது. இரண்டாம் வகுப்பு ‘சைனா புத்’. அதற்குக் கட்டைக்கு 4.5 கிலோ போதும். மூன்றாவது ‘பஞ்சம்’. அதன்பின் வேர், பொடிக்கட்டை, சிராய் என்று படிப்படியாக இறங்கி, அறுக்கும்போது உதிரும் தூள்வரை பட்டியல் போகும். தூளுக்கும் பதிவேட்டில் இடமுண்டு. தூளும் ஏலம் போகும்.

கட்டையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருந்த நிர்வாகம், நிற்கும் மரத்துக்கு, அதிலும் இன்னும் கட்டையாகாத கன்றுக்கு, என்ன சட்டம் செய்தது? சந்தனம், செம்மரம், ஈட்டி என்ற மூன்று மரங்களை வைத்து இதைப் பார்க்கலாம். மூன்றும் தென்னிந்தியாவின் விலையுயர்ந்த மரங்கள். மூன்றுமே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியவை. வெட்டுத்தடை நல்லதா, கெட்டதா என்று பொதுவில் வாதிடுவதால் ஒன்றும் விளங்கப்போவதில்லை என்று நினைக்கிறேன். எந்த மரத்துக்கு, யாருடைய நிலத்தில், எத்தனை ஆண்டுக் கணக்கில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ராஜமரம்

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜமரமாக அறிவித்தார். மைசூர் நாட்டில் யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசுக்குச் சொந்தம். திப்புவுக்குப் பின் வந்த உடையார்களும், அவர்களைக் கண்காணித்த பிரிட்டிஷ்காரர்களும், விடுதலைக்குப் பிந்தைய அரசுகளும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு முரண்படவே இல்லை. வருமானம் அப்படிப்பட்டது. முதல் உலகப்போர் வரை மைசூர்ச் சந்தனத்தில் பெரும்பகுதி எண்ணெய் வடிக்க ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. போர் மூண்டு வழி அடைபட்டதும் கட்டைகள் தேங்கின. அந்த நெருக்கடியில்தான் 1916-17இல் மைசூர் அரசு சொந்தமாக எண்ணெய் ஆலை தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு அதன் தொடர்ச்சி.

இந்த ஏற்பாட்டில் நிலத்துக்காரருக்கு என்ன கிடைத்தது? மரத்தைக் காக்கும் பொறுப்பு கிடைத்தது. மரம் திருடுபோனால் விசாரணை அவர் வாசலுக்கு வரும். அரசு வெட்டி விற்றால் விலையில் ஒரு பங்கு, அதுவும் அரசு நிர்ணயித்த கணக்கில், அரசு தரும்போது கிடைக்கும். சென்னை மாகாணத்திலும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழும் பின்னால் வந்த விதிகளின் கீழும், சொந்த நிலத்துச் சந்தனத்தை உரிமையாளர் தாமாக வெட்டவோ விற்கவோ வழியில்லை.

இங்கே மரத்தின் இயல்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சந்தனம் அடர்காட்டு மரம் இல்லை. புதர்க்காடு, காட்டோரம், வறண்ட மலைச்சரிவு, வயல் வேலி இவைதான் அதன் இடம். இலை பச்சையாக இருந்தாலும் அது பாதி ஒட்டுண்ணி. அதன் வேரில் உறிஞ்சிகள் உண்டு. பக்கத்துச் செடிகொடிகளின் வேரைத் தொட்டு அவற்றிலிருந்து நீரும் சத்தும் எடுத்துக்கொள்ளும். கன்றுப் பருவத்தில் துவரைபோன்ற துணைச்செடி பக்கத்தில் இல்லாவிட்டால் தேறாது. கருநீலப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று, எங்காவது உட்கார்ந்து எச்சமிடும் இடத்தில் விதை விழும். குருவி உட்காருவது பெரும்பாலும் வேலியில். வேலியில் வெயிலும் இருக்கும், பற்றிக்கொள்ள நாலு வேரும் இருக்கும். அதாவது, யாரும் நடாமலே சந்தனம் தழைக்க மிகப் பொருத்தமான இடம் விவசாயியின் நிலத்து ஓரம்.

சட்டம் அந்த ஓரத்தைத்தான் மூடியது. வேலியில் முளைத்த கன்று வைரம் பாய்ந்து விலை பெற எப்படியும் இருபது, முப்பது ஆண்டு ஆகும். அதுவரை காவல், அதன்பின் கச்சேரி, கடைசியில் கையில் வருவது எவ்வளவு என்று தெரியாது. கணக்குத் தெரிந்த விவசாயி கன்று விரல் தடிமன் ஆகும் முன்பே பிடுங்கி எறிந்துவிடுவார். இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டிய மரத்துக்கு வழக்கு உண்டு, பறிமுதலுக்குப் பதிவேடு உண்டு. பிடுங்கிய கன்றுக்கு எந்த ஏட்டிலும் வரி கிடையாது. ஒரு மரத்தின் வீழ்ச்சியில் பெரும்பங்கு அந்த ஏட்டில் வராத கன்றுகள்தாம் என்றால், வழக்குகளின் எண்ணிக்கையை வைத்துப் பாதுகாப்பை அளப்பது வீண்வேலை.

வேலியை இழந்த சந்தனம் காப்புக்காட்டுக்குள் ஒதுங்கியது. அங்கே தீயும் மேய்ச்சலும் இருந்தன. 1899இல் குடகில் முதலில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோயும் இருந்தது. தத்துப்பூச்சிகள் பரப்பும் நுண்ணுயிரால் இலைகள் சிறுத்து விறைத்து நிற்கும்; இரண்டு மூன்று ஆண்டில் மரம் பட்டுப்போகும். இன்றுவரை அதற்கு மருந்தில்லை. எல்லாப் பழியையும் சட்டத்தின் தலையில் போடுவது ஆகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மனிதர்களால் வந்த கேடு இன்னொரு வகை. எண்ணெய் அதிகம் இருப்பது அடிமரத்திலும் வேரிலும் என்பதால் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டுவார்கள். மறுபடி தழைக்க அடிக்கட்டைகூட மிஞ்சாது. 1950களில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன்னாக இருந்த இந்தியச் சந்தன உற்பத்தி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நூறு டன்னாகச் சுருங்கிவிட்டது. கெடுபிடி கூடக்கூட வரத்து குறைந்தது. வரத்து குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏறியதும் திருட்டுக் கட்டைக்கு வாங்குபவர் பெருகினார்கள். சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகளில் வீரப்பன் காலூன்றியது இந்த விலையின் மேல்தான்.

ஜவ்வாது மலையிலிருந்து சேஷாசலத்துக்கு

சட்டம் மரத்தைக் காத்ததா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, அது யாரைத் தண்டித்தது என்ற கேள்வியும் நிற்கிறது. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடி ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை பதுக்கல் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட, மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மரத்துக்காகப் போட்ட சட்டம், அந்த மரத்தோடு வாழ்ந்தவர்கள் எல்லோரையும் சந்தேகப் பட்டியலில் வைத்ததன் கடைசிக் கட்டம் இது. மலைவாசிக்குச் சந்தனத்தில் உரிமை எதுவும் கொடுக்கப்படவில்லை. சம்பந்தம் மட்டும் சுமத்தப்பட்டது. கட்டை வாங்கிய வியாபாரி, எண்ணெய் வடித்த ஆலைக்காரர் யாரும் மலையில் குடியிருக்கவில்லை.

தமிழக மலைகளில் பெரிய சந்தனம் அருகிப்போன பிறகு அதே மலைகளின் கோடாலிகளுக்கு வேறு காட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலை ஆட்களைத் தரகர்கள் வண்டியேற்றி ஆந்திரத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்தது செம்மரம்.

செம்மரம் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி, அதிலும் கடப்பா, சித்தூர், நெல்லூர், கர்நூல் பக்கத்துக் கற்பாறைச் சரிவுகள், இவைதான் அதன் ஊர். ஒரு காலத்தில் சாயத்துக்குப் போன மரம். இன்று சீனாவில் அரண்மனைப் பாணி மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் போகிறது. ரேகை அலையலையாக ஓடும் மரத்துக்குத் தனி விலை. அந்த அலை வெளியே தெரியாது என்பதால் நிற்கும் மரத்தில் பட்டையைச் செதுக்கிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் அடுத்த மரம். அணு உலைக்குத்தான் செம்மரம் போகிறது என்று நம்மூர் டீக்கடைகளில் உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஒரு கட்டைக்கு ஏன் இவ்வளவு துப்பாக்கி என்று மக்களுக்குப் புரியாமல் போனதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

செம்மரத்தின் மேல் அடுக்கடுக்காகச் சட்டங்கள் விழுந்தன. 1995இல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது சேர்ந்தது. காட்டு மரத்தின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஆந்திர அரசு தனி அதிரடிப்படை அமைத்தது. பிறகு வனச்சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் மரவெட்டிகள் தாக்கியதில் இரண்டு வன அலுவலர்கள் இறந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் அதிரடிப்படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் சின்னச் சின்ன ஊர்கள் அன்று உடல்களுக்காகக் காத்திருந்தன.

இவ்வளவுக்கும் பிறகு மரம் எப்படி இருக்கிறது? 2018இல் செம்மரத்தின் நிலை தேறியதாகக் கருதிச் சிவப்புப் பட்டியலில் இரண்டு படி இறக்கினார்கள். 2021இல் மறுபடி ‘அழிவின் விளிம்பில்’ என்ற வகைக்கே கொண்டுவந்தார்கள். இதில் எனக்குப் பிடிபடாத முரண் ஒன்று உண்டு. ஏற்றுமதிக்குத் தடை, அதே சமயம் பறிமுதல் செய்த ஆயிரக்கணக்கான டன் கட்டையை அரசே விதிவிலக்குப் பெற்று உலகச் சந்தையில் ஏலம் விடுகிறது. கிடங்கில் மட்கவிடுவதா என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் வெளிநாட்டு வாங்குநருக்கு இதிலிருந்து போகும் செய்தி, சரக்கு இன்னும் வருகிறது, ஆசையை விட்டுவிட வேண்டாம் என்பதே. தடையும் விற்பனையும் ஒரே துறையின் இரண்டு கைகளாக இருக்கும்போது, வருமானம் எந்தக் கைக்கு என்று பார்ப்பது அவசியம். ஏலத் தொகையிலிருந்து ஒரு பங்கைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் எடுத்துச் செம்மரம் வளர்க்கும் விவசாயிகளுக்கும் கன்று நடுவதற்கும் கொடுக்கத் தொடங்கியிருப்பது அண்மைக்கால மாற்றம். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்கும் அப்படிப் பணம் வந்திருக்கிறது. தொகை சிறிதானாலும், செம்மரம் நட்டவருக்கு அரசு பணம் கொடுப்பது அதன் சட்ட வரலாற்றில் புதிய விஷயம்.

சந்தனத்தில் இந்த மாற்றம் முன்பே நடந்தது. 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழகமும் வனச்சட்டத்தைத் திருத்தி, சொந்த நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றாக்கின. திப்புவின் ஆணைக்கு 209 ஆண்டுகள் கழித்து ராஜமரம் குடிமக்களின் மரமானது. தமிழகத்தில் 2008இல் பட்டா நிலச் சந்தனத்துக்குத் தனி விதிகள் வந்தன. மரம் நிலத்துக்காரருடையது, ஆனால் வனத்துறைதான் வெட்டும், கிடங்குக்குக் கொண்டுபோகும், ஏலம் விடும், தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். உரிமை கொடுத்த சட்டம் சந்தையைக் கொடுக்கவில்லை. வாழையோ கரும்போ போட்டால் யாரிடம் விற்பது என்று விவசாயியே முடிவு செய்கிறார். சந்தனத்துக்கு ஒரே வாசல்.

ஆனாலும் நட்டார்கள். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் சொட்டுநீர் போட்டு, துவரையும் மலைவேம்பும் சவுக்கும் துணைக்கு வைத்து, சந்தனத் தோப்புகள் வந்தன. நட்டவர்களுக்கு அடுத்த கவலை திருட்டு. திருடர்கள் இரவில் வந்து அடிமரத்தில் துரப்பணம் போட்டு, வைரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தூளை எடுத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏறியிருந்தால் இன்னொரு நாள் வந்து அறுப்பார்கள். ஏறாவிட்டாலும் துளைபட்ட மரம் நோய்க்கு வாசலைத் திறந்துவைத்த மரம்தான். எனவே முப்பது ஆண்டு காத்திருக்க யாருக்கும் துணிவில்லை. பதினைந்தாம் ஆண்டிலேயே வெட்டிவிட நினைக்கிறார்கள். காட்டில் கிழமரம் கொடுத்த எண்ணெயும் இந்த இளமரம் கொடுக்கும் எண்ணெயும் ஒன்றாக இருக்காது. அதோடு, தோப்பு பெருகுவதால் காட்டுச் சந்தனம் பிழைத்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. கேரளத்தின் மறையூர் போன்ற ஒருசில இடங்களில்தான் இயற்கைச் சந்தனக் காடு என்று காட்ட ஏதாவது மிச்சமிருக்கிறது. அங்கேகூட வேலியும் இரவுக்காவலும் இல்லாமல் நிற்காது.

நாம் சட்டத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் ஆஸ்திரேலியாவின் வடமேற்கே குனுனுர்ரா பகுதியில் ஆற்றுப் பாசனத்தில் நம் சந்தனத்தையே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டார்கள். அங்கே முதலீடு செய்த பெரிய நிறுவனம் 2018இல் கடனில் மூழ்கியது வேறு கதை. ஆனால் விதையின் தாய்நாடு விதிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, வேறொரு கண்டம் அதைப் பயிராக்கிவிட்டது.

ஈட்டி

இதுவரை படித்தவருக்கு, கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் மரம் பிழைக்கும் என்ற முடிவு எளிதாகத் தோன்றும். ஈட்டி மரம் அந்த முடிவை ஏற்காது. தோதகத்தி, நூக்கு என்றும் அழைக்கப்படும் ஈட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கருங்காலி நிறக் கட்டை. மிக மெதுவாக வளரும். நல்ல பருமனுக்கு வர மனித ஆயுள் போதாது. சந்தனத்தை மகன் படிப்புக்கு என்று நடலாம். ஈட்டியை யார் பேரில் நடுவது? எனவே இன்று தனியார் நிலங்களில் நிற்கும் பெரிய ஈட்டிகளில் ஏறத்தாழ எல்லாமே தற்போதைய உரிமையாளர் நட்டவை இல்லை.

2020 அக்டோபர் 24 அன்று கேரள வருவாய்த்துறை ஓர் உத்தரவு போட்டது. பட்டா கொடுக்கப்பட்ட நிலங்களில், பட்டாவுக்குப் பின் விவசாயி நட்டுவளர்த்த மரங்களையும் தானாக முளைத்த மரங்களையும், சந்தனம் நீங்கலாக, அவரே வெட்டிக்கொள்ளலாம். தடுக்கும் அதிகாரிகள் மீது நடவடிக்கை பாயும். விவசாயிகளின் நீண்டகாலக் கோரிக்கை அது. நோக்கத்தில் குறைகாண முடியாது. உத்தரவு உயிரோடு இருந்தது 2021 பிப்ரவரி 2 வரை, அதாவது மூன்று மாதங்களுக்குச் சற்று அதிகம். அதற்குள் வயநாட்டின் முட்டில் பகுதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டிகள் சாய்ந்தன. பிறகு நடந்த ஆய்வில், வெட்டப்பட்டவற்றில் பல மரங்கள் நூற்றாண்டுகள் கடந்தவை, பட்டா என்ற சொல் அந்த மலைக்கு வருவதற்கு முன்பே நின்றவை என்று தெரிந்தது. ‘தானாக முளைத்தவை’ என்ற வகைக்குள் அவற்றைத் தள்ளிவிட்டார்கள். மரத்தை நல்ல விலைக்குக் கேட்டு வந்தவர்கள், நிலத்துக்காரர்களான ஆதிவாசிகளுக்கும் சிறுவிவசாயிகளுக்கும் கொடுத்தது சொற்பம்.

தமிழகத்தில் ஈட்டிக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்: தமிழ்நாடு ஈட்டி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1994. பட்டா நிலத்திலும் அரசு அனுமதியின்றி ஈட்டியை வெட்டக்கூடாது. 1995இல் நடைமுறைக்கு வந்தபோது அதற்கு வைத்த ஆயுள் 15 ஆண்டு. 2010இல் இன்னொரு 15 ஆண்டு நீட்டினார்கள். அந்தக் கெடு 2025 பிப்ரவரியில் முடிந்தது. முந்நூறு ஆண்டு வாழும் மரத்துக்குப் பதினைந்து ஆண்டுச் சட்டம். 1995இல் முளைத்த ஈட்டிக்கன்று இன்று ஒரு வீட்டுத் தூணுக்குக்கூடத் தேறாத பருமனில் இருக்கும். அது பெரிய மரமாவதற்குள் இப்படி எத்தனை நீட்டிப்புகளை, எத்தனை சட்டமன்றங்களை, எத்தனை மறதிகளைக் கடக்க வேண்டும்!

ஈட்டி நிற்கும் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்திலிருந்துதான் இந்திய வன வழக்குகளின் தாய்வழக்கும் பிறந்தது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் 1995இல் உச்சநீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடுதான் என்றது. அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்டுவதை நாடு முழுவதும் நிறுத்தியது. அந்த ஒட்டுமொத்தத் தடையில் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு; வடகிழக்கில் மர அறுவை ஆலைகளை நம்பியிருந்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். ஆனால் ஈட்டியைப் போன்ற மரங்களுக்கு அப்படியொரு முரட்டுத் தடைதான் வேலை செய்தது என்பதை மறுக்க மாட்டேன். வாழ்நாளில் பயிராக வளர்க்க முடிகிற மரத்துக்கு உரிமையும் சந்தையும் வேண்டும். வளர்க்க முடியாத மரத்துக்குத் தடையும், தடையால் இழப்பவருக்கு ஈடும் வேண்டும். சந்தனத்தின் நியாயத்தை ஈட்டிக்குப் பொருத்தினால் முட்டில். ஈட்டியின் நியாயத்தைச் சந்தனத்துக்குப் பொருத்தினால் வாச்சாத்தி.

ஈடு என்று சொன்னது சும்மா இல்லை. குடகு, வயநாடு, நீலகிரி காப்பித் தோட்டங்களில் போய்ப் பார்த்தால் புரியும். பழைய தோட்டங்களில் நிழலுக்கு நின்றவை ஈட்டி, பலா, அத்தி, வேங்கை என்று கலவையான நாட்டு மரங்கள். குடகில் நில உரிமையிலேயே ஒரு பிரிவு உண்டு: ஒருவகை நிலத்தில் மரத்தின் விலையை அரசுக்கு முன்பே கட்டியவருக்கு மரம் சொந்தம், கட்டாதவருக்குக் காப்பி மட்டும் சொந்தம், மேலே நிற்கும் மரம் அரசுடையது. நாட்டு மரத்தை வெட்ட விண்ணப்பம், ஆய்வு, அளவு, அனுமதி, கொண்டுபோகத் தனிச் சீட்டு என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. கிடுகிடுவென வளரும், நேராக நிற்கும், மிளகுக்கொடி ஏற்றலாம், பணமுடை வந்தால் வெட்டி விற்கலாம். எனவே நாட்டு மரம் ஒன்று விழும் இடத்தில் சில்வர் ஓக் ஒன்று ஏறுகிறது. யாரும் சட்டத்தை மீறவில்லை. ஈட்டியை வெட்டவே வேண்டாம். அதன் நாற்று முளைக்கும் இடத்தில் களை எடுத்தால் போதும்.

ஒரு தோட்டக்காரர் தன் நிலத்து ஈட்டியை இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கவிட்டால் அவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் ஏற்பாடு நம் சட்டங்களில் இல்லை. செம்மர ஏலத்திலிருந்து விவசாயிக்குப் பங்கு போக வழி கண்டவர்கள், ஈட்டியைப் பிடித்து வைத்திருப்பவருக்கும் ஒரு வழி காண முடியும். காலாவதியான சட்டத்தை மறுபடி எழுதும்போது ‘பதினைந்து ஆண்டு’ என்ற வரிக்குப் பதிலாக அந்த வழியை எழுதலாம்.